முகவர் நிரல்களுக்குச் சட்டகம் தெரிதல்: ஒரு திறனாய்வு

கணினி வழியே மொழியைக் கையாளும் பெரு மாதிரிகள் பொதுமக்கள் கைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தபோது, வினவினால் விடை கூறும் பொறி ஒன்று வந்தது என உலகம் வியந்தது. அவ்வியப்பு அடங்குமுன்னரே வேறொரு வினா எழுந்தது. விடை கூறுவதோடு அமையாது, நம் பொருட்டு வினையும் ஆற்றும் நிரல்களை இம்மாதிரிகளைக் கொண்டு ஆக்குதல் கூடுமோ என்பதே அது. கூடும் என்போர் பலர். அதற்கெனச் சட்டகங்களை ஆக்கி இலவசமாக வழங்குவோரும் பலர். இவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது என்பதே இன்று நம் உயர்தர வகுப்பு மாணவரும், பல்கலைக்கழகம் புக்க பழைய மாணவரும், கொழும்பிலும் கடல் கடந்தும் மென்பொருட்டொழில் புரிவாரும் வினவும் வினாவாக இருக்கின்றது. அதற்கு ஒருவாறு விடை காண முயல்வது இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுதல் நேர்மையாகும். மாணவர் சிலர், நூலகப் பட்டியலைத் தமிழில் வினவி விடை பெறத்தக்க நிரல் ஒன்றை ஆக்க விழைந்தனர். பொறுப்பாசிரியனாக இருந்தவன் யான். எச்சட்டகத்துக்கு இணையத்தில் விண்மீன்கள் மிகுதியோ அதனையே எடுத்துக்கொண்டோம். இரண்டாந் தவணையில் ஓடிய நிரல் மூன்றாந் தவணையில் ஓடவில்லை; இடையே சட்டகத்தின் பதிப்பு மாறிவிட்டது. அதனைத் திருத்தி ஓடவிட்ட இரவில், நிரல் ஒரே கருவியை மீண்டும் மீண்டும் அழைத்து, பிள்ளைகள் தம் கைப்பணத்தைச் சேர்த்துக் கட்டியிருந்த முற்பணம் முழுவதையும் விடியுமுன் தீர்த்துவிட்டது. அச்சட்டகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. குற்றத்திற் பெரும்பகுதி எம்முடையதே. ஒரு நூலைப் பாடமாக வைக்குமுன் எத்துணை ஆராய்கின்றோம்! ஒரு சட்டகத்தை எடுக்கும்போது அவ்வாராய்ச்சியிற் பத்தில் ஒரு பங்கேனும் யாம் செய்திலோம்.

முகவர் நிரல் என்பது யாது? மொழி மாதிரி ஒன்று. அது பயன்படுத்தத்தக்க கருவிகள் சில. இவ்விரண்டையும் பிணைக்கும் ஒரு சுழற்சி. இம்மூன்றுமே அதன் உறுப்புக்கள். மாதிரி தானாக எதனையும் செய்யாது, சொற்களையே தரும். ‘இன்ன கருவியை இன்ன தரவோடு இயக்குக’ என்று அது எழுதினால், நிரல் அக்கருவியை இயக்கி, முடிபினை மாதிரிக்குத் திருப்பி அனுப்பும். மாதிரி அதனைக் கண்டு அடுத்த படியைக் கூறும். வேலை முடிந்தது என மாதிரி கூறும்வரை இது தொடரும். எண்ணமும் செயலும் மாறிமாறி வரும் இம்முறையினை ‘ரியாக்ட்’ என்னும் பெயரால் 2022 ஒக்டோபரில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை விளக்கிற்று. அதன் ஆசிரியர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகிள் நிறுவனத்தையும் சார்ந்தோர். பின்னர் வந்த சட்டகங்கள் பலவற்றுக்கும் வித்து அக்கட்டுரையே எனலாம். சட்டகம் என்பது இச்சுழற்சியையும், கருவிகளை அறிமுகஞ் செய்யும் முறையையும், நினைவு, பிழைதிருத்தம், மேற்பார்வை முதலியவற்றையும் முன்னரே எழுதிவைத்துத் தரும் நிரற்றொகுதி.

இனி இவற்றின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். ‘லாங்செயின்’ 2022 ஒக்டோபரிலும், பின்னர் ‘லாமா இன்டெக்ஸ்’ எனப் பெயர்பெற்ற தொகுதி அடுத்த மாதத்திலும் தோன்றின. 2023 மார்ச்சில் ‘ஓட்டோ ஜிபிடி’ வந்தது. இலக்கு ஒன்றைக் கூறிவிட்டால் எல்லாவற்றையும் தானே செய்து முடிக்கும் என்ற நம்பிக்கையால் சில வாரங்களுள் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்கு விண்மீன் இட்டனர். அதே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘செமான்ரிக் கேர்னல்’ என்பதனை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவிலிருந்து அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘ஓட்டோஜென்’ வந்தது. அவ்வாண்டு முடியுமுன் ‘குரூ ஏ.ஐ.’யும், 2024 தொடக்கத்தில் லாங்செயின் குழுவினரின் ‘லாங்கிராஃப்’உம், அவ்வாண்டின் இறுதியில் ‘பைடான்டிக் ஏ.ஐ.’, ‘ஸ்மோல் ஏஜென்ட்ஸ்’ என்பனவும், 2025 மார்ச்சில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் முகவர் தொகுதியும், ஏப்பிரலில் கூகிளின் தொகுதியும் தோன்றின. மூன்றாண்டுகளுக்குள் இத்தனை. இவ்வேகமே நாம் முதலில் ஐயுற வேண்டிய செய்தியாகும்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூலார் வகுத்தனர். அவற்றுள் மூன்று இச்சட்டகங்களை அளத்தற்கும் பொருந்துகின்றன. மிகைபடக் கூறல் ஒன்று. மாறுகொளக் கூறல் ஒன்று. சென்று தேய்ந்து இறுதல் மற்றொன்று. நிரலும் ஒருவகை நூலே. அதனைக் கணினி மட்டுமன்றி மனிதரும் படிக்கின்றனர். ஆதலின் இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குதல் தவறாகாது.

முதலில் மிகைபடக் கூறலைக் காண்போம். லாங்செயின் தோன்றிய காலத்து மாதிரிகளுக்குப் பல குறைகள் இருந்தன. சாட்ஜிபிடியின் முதல் மாதிரியைப் பிற நிரல்கள் அழைக்க வழி திறந்தபோது, அது ஒருமுறையில் ஏற்ற அளவு 4,096 டோக்கன்களே. டோக்கன் என்பது மாதிரி மொழியை எண்ணும் சிறு துண்டு. ஆகவே நீண்ட நூலைத் துண்டாக்கவும், பழைய உரையாடலைச் சுருக்கி நினைவில் வைக்கவும் பற்பல உறுப்புக்கள் வேண்டியிருந்தன. கருவியை அழைக்கும் முறையும் வரையறுக்கப்படவில்லை. மாதிரி எழுதிய உரைநடையிலிருந்து கருவியின் பெயரைப் பிரித்தெடுக்கவும் உறுப்புக்கள் வேண்டியிருந்தன. 2023 யூனில் ஓப்பன் ஏ.ஐ. கருவி அழைப்பினை வரையறுத்த வடிவில் தரத் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் 128,000 டோக்கன்களை ஏற்கும் மாதிரியும் வந்தது. கோபுரத் திருப்பணிக்குக் கட்டிய சாரம் பணி முடிந்ததும் அவிழ்க்கப்படும். இங்கோ பணியின் தேவை மாறியபின்னும் சாரம் நின்றது. அதன்மேல் வேறு சாரமும் கட்டப்பட்டது. மாதிரியை ஒருமுறை அழைத்தற்கு எத்தனையோ அடுக்குக்களைக் கடக்க வேண்டியதாயிற்று. வழு நேர்ந்தவிடத்து, அவ்வழு தம் நிரலினதோ, சட்டகத்தினதோ, மாதிரியினதோ என அறிதல் கற்றோர்க்கும் அரிதாயிற்று. ஒக்டோமைன்ட் என்னும் நிறுவனத்தார் ஓராண்டுக்கு மேல் லாங்செயினைத் தொழிலிற் பயன்படுத்தி, 2024இல் அதனை நீக்கிவிட்டுத் தம் நிரலைத் தாமே எளிதாக எழுதிக்கொண்டதாகக் காரணங்களோடு வெளியிட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆயினும் ஒருபக்கமே பேசுதல் திறனாய்வன்று. லாங்செயின் குழுவினர் இக்குறையை உணர்ந்தனர் என்பதற்கு லாங்கிராஃப் சான்று. அதில் வேலையின் படிகள் முனைகளாகவும், படியிலிருந்து படிக்குச் செல்லும் வழிகள் கோடுகளாகவும் வெளிப்படையாக வரையப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் நிலைமை குறித்துவைக்கப்படுகின்றது. மின்சாரம் தடைப்பட்டு நிரல் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பணம் செலுத்துதல், கடிதம் அனுப்புதல் போன்ற மீட்கவொண்ணாச் செயலுக்கு முன் நிரலை நிறுத்தி மனிதர் ஒப்புதலை வேண்டலாம். இவற்றை ஒருவர் தாமே பிழையின்றி எழுதுதல் எளிதன்று. 2025 ஒக்டோபரில் வந்த லாங்செயின் 1.0 பதிப்பு, பழைய சங்கிலி உறுப்புக்களை வேறு தொகுதிக்கு ஒதுக்கி, முகவர் சுழற்சியை லாங்கிராஃப் மேல் அமைத்தது. தம் பிழையைத் தாமே திருத்தும் ஆசிரியரை நாம் மதித்தல் வேண்டும். எனினும், அத்திருத்தங்களின் செலவை முன்னரே நம்பி எழுதியோர் தாங்கினர் என்பதையும் மறத்தலாகாது.

இனி மாறுகொளக் கூறல். இதற்கு ஓட்டோஜெனின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. பல முகவர்கள் ஒருவரோடொருவர் உரையாடி வேலையை முடிப்பர் என்னும் கருத்தை முதன்மையாகக் கொண்டது அது. ஒருவர் எழுத, மற்றொருவர் குறை காண, வேறொருவர் இயக்கிப் பார்க்கும் அம்முறை வகுப்பறையில் விளக்கத்தக்க இனிய கருத்தே. 2024 நவம்பரில் அதன் மூல ஆசிரியருட் சிலர் பிரிந்து ‘ஏஜி2’ என்னும் கிளையைத் தொடங்கினர். மைக்ரோசொப்டில் எஞ்சிய குழுவினர் 2025 சனவரியில் 0.4 பதிப்பை அடிமுதல் புதிதாக எழுதி வெளியிட்டனர். 0.2 பதிப்புக்கு எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடாது. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நிறுவனமே ஓட்டோஜெனையும் செமான்ரிக் கேர்னலையும் இணைத்துப் புதியதொரு முகவர் சட்டகத்தை அறிவித்து, பழைய இரண்டுக்கும் வழுத்திருத்தமும் காப்புத் திருத்தமும் மட்டுமே செய்யப்படும் என்றது. ஓராண்டுக்குள் ஒரு பெயர் மூன்று வழிகளாயிற்று. பாடநூல் ஓராண்டில் மும்முறை மாறினால் ஆசிரியன் என்செய்வான்? மாணவன் என்செய்வான்? பெரிய நிறுவனத்தின் பெயர் நிலைபேற்றுக்கு உறுதியாகாது என்பது இதனாற் பெறப்படும்.

சென்று தேய்ந்து இறுதலுக்கும் எடுத்துக்காட்டுண்டு. ஓட்டோ ஜிபிடி எழுப்பிய ஆரவாரம் பெரிது. அதன் முதற் பதிப்பாற் பயன்பெற்றோர் சிலரே. அது தன் படிகளையே சுற்றிச்சுற்றி வந்தது. இதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். ஒவ்வொரு படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகும் எனக் கொள்வோம். 10 படிகள் தொடர்ந்தால் முழுவதும் சரியாதல் நூற்றுக்கு ஏறத்தாழ 60. 20 படிகளாயின் 36. தனிப்படியிற் கெட்டிக்காரனாகிய மாதிரி நீள்வழியில் தடுமாறுதல் இயல்பே. எச்சட்டகமும் இக்கணக்கை மாற்றிவிடாது. படிகளைக் குறைத்தலும், இடையிடையே சோதித்தலுமே இதற்கு மருந்து. ஆகவே, ஒரு சட்டகம் எத்தனை முகவர்களை ஒருங்கே ஓட்டும் என வினவுவதிலும், ஒரு படியின் பிழையை எவ்வளவு விரைவிற் காட்டும் என வினவுதல் நன்று.

குரூ ஏ.ஐ. என்பது வேறொரு பாங்கினது. அதில் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பாத்திரம், ஒரு குறிக்கோள், ஒரு பின்கதை என மூன்றும் எழுதப்படும். ‘நீ அனுபவம் மிக்க ஆய்வாளன்’ என்றாற்போலத் தொடங்கும் அவ்வேவுரைகள் நாடகப் பாத்திர அறிமுகம் போல்வன. தொடங்குவோர்க்கு இது மிக எளிது. ஒரு பிற்பகலில் நான்கு பாத்திரங்களை நடிக்கவிடலாம். எளிமையே இதன் சிறப்பு. அதுவே இதன் இடர். பாத்திரம் நன்கமைந்தால் வேலையும் நன்கமையும் என்ற மயக்கத்தை அது தருகின்றது. நடிப்பு வேறு, வினைத்திறன் வேறு. இதன் ஆசிரியர்களும் 2024இல், படிகளை முன்னரே வரையறுத்து நடத்தும் முறையொன்றைத் தம் சட்டகத்தோடு சேர்த்தமை, பாத்திரங்கள் மட்டும் போதா என்பதை உணர்ந்தமையைக் காட்டும்.

ஹக்கிங் பேஸ் நிறுவனத்தாரின் ஸ்மோல் ஏஜென்ட்ஸ், சுருங்கச் சொல்லலைக் கொள்கையாக உடையது. அதன் மையப் பகுதி வெளியானபோது ஏறத்தாழ ஆயிரம் வரிகளே. முழுவதையும் ஒரு மாணவன் சில நாளிற் படித்துவிடலாம். படிக்கத்தக்கதாயிருத்தல் பெருங்குணம், மூலம் திறந்திருந்தும் படிக்க இயலாதாயின், திறந்ததனால் நமக்காவது யாது? இதில் மாதிரி தன் செயலைப் பைதன் நிரலாகவே எழுதுகின்றது. அதனால் பல கருவிகளை ஒரே படியில் இணைக்கலாம். ஆனால், மாதிரி எழுதிய நிரலை நம் கணினியில் ஓடவிடுதல் முன்பின் அறியாதவனிடம் வீட்டுத் திறப்பைக் கொடுப்பது போலாகும். தனிக்காப்பறையில் வைத்தே இயக்குமாறு அதன் ஆசிரியர்களே எச்சரிக்கின்றனர். பைடான்டிக் ஏ.ஐ. மற்றொரு நல்ல நெறியை வற்புறுத்துகின்றது: மாதிரி தரும் விடையின் வடிவத்தை முன்னரே வரையறுத்து, அவ்வடிவிற் பொருந்தாத விடையை ஏலாது திருப்பியனுப்புதல். ஓப்பன் ஏ.ஐ. 2024 ஒக்டோபரில் கற்பித்தற்கென்றே வெளியிட்ட ‘ஸ்வோம்’ சில மாதங்களில் வேறொரு தொகுதிக்கு இடம்விட்டது. ஆயினும் அது சிறியதாயிருந்தமையால், ஒரு முகவர் மற்றொருவரிடம் வேலையை ஒப்படைக்கும் முறையை அதனைப் படித்தோர் தெளிவாக விளங்கிக்கொண்டனர்.

மேற்கூறியன யாவும் திறந்த மூலம் உடையன. லாங்செயினும் குரூ ஏ.ஐ.யும் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழும், ஸ்மோல் ஏஜென்ட்ஸ் அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழும் வழங்கப்படுகின்றன. எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவுஞ் செய்யலாம். இது பெருங்கொடை. பணமில்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், பெருநகரத்துப் பொறியியலாளரும் ஒரே நிரலை ஒரே நாளிற் பெறுகின்றனர். எனினும் மூன்று செய்திகளை உணர்தல் வேண்டும். முதலாவது, இவ்வுரிமங்கள் எவ்வித உத்தரவாதமும் தருவனவல்ல. ‘உள்ளவாறே’ தரப்படும் என்பது அவற்றின் வாசகத்திலேயே உளது. இரண்டாவது, சட்டகம் திறந்ததாயினும் அது அழைக்கும் மாதிரி மூடியதாக இருத்தல் கூடும். நிரல் இலவசம், அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பணம். மூன்றாவது, திறந்த மூலத்தின் மெய்யான காப்பு, பிரிந்துசெல்லும் உரிமையே. ஏஜி2 குழுவினர் பிரிந்து தம் வழியே செல்ல முடிந்தது அதனாலன்றோ! ஆனால், அவ்வுரிமையைக் கையாளும் ஆற்றல் நிரலைப் படித்து விளங்கியவர்க்கே உண்டு. ஏனையோர்க்கு அஃது ஏட்டளவிலேயே நிற்கும்.

செலவினைப் பற்றியும் கூறல் வேண்டும். மாதிரிக்கு நினைவில்லை; ஒவ்வொரு படியிலும் முன் நிகழ்ந்தவை யாவும் மீண்டும் அனுப்பப்படுகின்றன. படியொன்றுக்கு 1,000 டோக்கன் கூடுமெனின், 10 படிகளுக்கு 55,000 டோக்கன். 20 படிகளுக்கு 210,000. படி இருமடங்காக, அனுப்பும் அளவு ஏறத்தாழ நான்மடங்காகின்றது. எம் பிள்ளைகளின் முற்பணம் ஓரிரவிற் கரைந்த மாயம் இதுவே. சில நிறுவனங்கள் மீண்டும் அனுப்பும் பகுதிக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. எனினும் கணக்கின் போக்கு அதுவே.

தமிழில் எழுதுவோர்க்கு இச்சுமை இன்னும் பெரிது. யூனிக்கோட்டைக் கணினியில் எழுதும் வழக்கமான முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல் மூன்றெழுத்தாயினும், பைதன் மொழி அதனை ஐந்து குறிகளாக எண்ணும். இடமோ 15 பைட்டுகள். 2024 மேயில் ஓப்பன் ஏ.ஐ. தன் புதிய மாதிரியை அறிவித்தபோது வெளியிட்ட எடுத்துக்காட்டில், ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கனாகவும் தமிழில் 116 டோக்கனாகவும் இருந்தது. புதிய முறையில் ஆங்கிலம் 24 ஆகவும் தமிழ் 35 ஆகவும் குறைந்தது. இடைவெளி சுருங்கியது, நீங்கவில்லை. எழுத்தெண்ணி நூலைத் துண்டாக்கும் சட்டக உறுப்பு, தமிழின் இயல்பறியாது உயிர்மெய்யை இரண்டாகப் பிளத்தலும் கூடும். பல சட்டகங்கள் நாம் அறியாமலே ஆங்கில ஏவுரைகளை மாதிரிக்கு அனுப்புகின்றன; அதனாற் றமிழில் வினவியவனுக்கு ஆங்கிலத்தில் விடை வருவதுமுண்டு. ஆதலின், மறைவாக அனுப்பப்படும் சொற்கள் யாவை எனக் காணவும் மாற்றவும் இடந்தராத சட்டகம் எதுவாயினும், அதனைத் தமிழ் வேலைக்கு எடுத்தல் தகாது.

காப்பு என்பது பிற்சேர்க்கையன்று. 2023இல் லாங்செயினின் 0.0.131 பதிப்புவரை, கணக்குச் செய்யும் உறுப்பு ஒன்றில், வினாவென்னும் போர்வையில் தீய நிரலை ஓடவிட இடமிருந்தமை வெளிப்பட்டது. அது திருத்தப்பட்டது. ஆனால் அவ்வழுவின் வேர் ஒரு சட்டகத்துக்கு மட்டும் உரியதன்று. மாதிரிக்கு ஆணையும் தரவும் ஒன்றே, படிக்கக் கொடுத்த பக்கத்துள் ‘முன் கூறியதை மற, இதனைச் செய்’ என்று ஒருவன் எழுதிவைத்திருப்பின், அதற்கு அது பணிந்துவிடவுங் கூடும். இதற்கு 2022இலே பெயரிட்ட சைமன் விலிசன் என்னும் நிரலாளர், 2025 யூனில் ஒரு தெளிவான எச்சரிக்கையையும் தந்தனர். தனியுரிமைத் தரவைக் காணும் வழி, நம்பத்தகாத எழுத்தைப் படிக்கும் வழி, வெளியே செய்தி அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரு நிரலில் ஒருங்கே அமையின் கேடு நேரும் என்பது அதன் கருத்து. மாணவர் புள்ளிப் பட்டியலையும், வெளியார் கடிதங்களையும், மின்னஞ்சல் அனுப்பும் கருவியையும் ஒரே முகவரிடம் ஒப்படைக்க எண்ணும் பாடசாலை இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் சட்டகமே வேண்டாவோ? அந்திரொப்பிக் நிறுவனத்தார் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையொன்றில், படிகள் முன்னரே வரையறுக்கப்பட்ட பணியொழுங்கினையும், படிகளை மாதிரியே தெரியும் முகவரையும் வேறுபடுத்தி, எளியதில் தொடங்குமாறும், மாதிரியை நேரே அழைத்துப் பழகுமாறும் அறிவுறுத்தினர். மாதிரியை விற்கும் நிறுவனம் நேரே அழைக்கச் சொல்லுதல் வியப்பன்று என ஒருவர் கூறலாம், அஃது உண்மையே. ஆயினும் அறிவுரையின் மெய்ம்மை, கூறியவர் இலாபத்தால் அழிந்துவிடாது. சட்டகத்தின் பக்கம் நின்று வாதிடுவோர், பலர் சேர்ந்து செய்யும் பெருவேலைக்குப் பொதுவான ஒழுங்கு வேண்டும், தொடர்ச்சியும் மேற்பார்வையும் வேண்டும், இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதினால் வழுக்களே பெருகும் என்பர். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளும் பொருந்துமிடம் வேறு வேறு. கற்பவனுக்கும் சிறுவேலைக்கும் முன்னது. தொழிலிடத்துக்கும் நீள்வேலைக்கும் பின்னது.

வெளிவாரி மாணவனாக இருந்து பட்டம் பெற்றவன் யான். ஆசானின்றி நூலையே துணையாகக் கொண்டு கற்போனுக்கு, நூலின் ஒரு மயக்கமான வரி எத்தனை இரவுகளைத் தின்னும் என்பதை அறிவேன். சட்டகத்தைப் பயன்படுத்தும் நம் பிள்ளைகளும் அந்நிலையினரே. அவர்க்கு அதன் விளக்கவுரையே ஆசான். ஆகவே என் அளவுகோல்களை இவ்வாறு வரிசைப்படுத்துவேன். விளக்கவுரை நிகழ்பதிப்போடு பொருந்துகின்றதா? மூலத்தின் மையப் பகுதியை ஒரு வாரத்திற் படிக்க இயலுமா? மாதிரிக்கு அனுப்பப்படும் சொல் முழுவதையும் காண இயலுமா? படிகளுக்கும் பணத்துக்கும் எல்லை வைக்க இயலுமா? ஒரு நிறுவனத்தின் மாதிரியை விட்டு இன்னொன்றுக்கு மாற இயலுமா? சட்டகத்தை விட்டு விலகினால் நம் கருவிகள் நமக்கே எஞ்சுமா? இறுதி வினாவுக்கு இன்று ஓரளவு விடையுண்டு. 2024 நவம்பரில் அந்திரொப்பிக் வெளியிட்டு, 2025 டிசம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த புதிய அமைப்பொன்றுக்கு ஒப்படைத்த எம்.சி.பி. என்னும் நெறிப்படி கருவிகளை எழுதின், அவற்றைப் பல சட்டகங்களும் ஏற்கும். கருவி நிலைக்க, சட்டகம் மாறலாம். விண்மீன் எண்ணிக்கைக்கு இவ்வரிசையில் இடமில்லை.

முடிபாகக் கூறுவன இவை. முகவர் நிரலைக் கற்கத் தொடங்குவோன் முதலிற் சட்டகம் எதனையும் நாடாது, சுழற்சியைத் தன் கையால் எழுதுக. வினாவை அனுப்புதல், கருவி அழைப்பு உண்டாயின் இயக்குதல், முடிபைச் சேர்த்து மீண்டும் அனுப்புதல், எண்ணிக்கை மிகின் நிறுத்துதல் என்னும் நான்கும் பைதனிற் சில பத்து வரிகளே. அதன் பின், பிறர் எழுதியதைப் படிக்க ஸ்மோல் ஏஜென்ட்ஸ் போன்ற சிறியதொன்றை எடுக்குக. விடையின் வடிவம் பிழையாதிருத்தல் முதன்மையெனின் பைடான்டிக் ஏ.ஐ. தகும். நாள்கணக்கில் ஓடி, இடையில் நின்று, மனிதர் ஒப்புதலை வேண்டித் தொடரும் வேலை உண்டாயின் லாங்கிராஃப் தகும். பாத்திரங்களைப் பலவாக்குதல் இறுதி வழியாகுக, முதல் வழியாகாதொழிக. எதனை எடுப்பினும் பதிப்பெண்ணைக் குறித்து நிலைநிறுத்துக. தன் வேலையின் உண்மையான வினாக்கள் இருபதை விடையோடு எழுதிவைத்து, பதிப்பு மாறுந்தோறும் சோதிக்க.

எம் மாணவர் இவ்வாண்டு அந்நூலக நிரலைத் தாமே மீண்டும் எழுதினர். அதற்குச் சட்டகமில்லை, கருவி இரண்டு, படிகளின் எல்லை ஆறு. பழையதைப் போல அது பெருமை பேசுவதன்று. ஆனால் அது பிழைக்கும்போது ஏன் பிழைத்தது என்று பத்தாம் வகுப்புப் பையனும் நிரலின் வரியைத் தொட்டுக் காட்டுகின்றான். தாம் ஆக்கியது ஏன் பிழைத்தது எனக் கூறவல்லாரை ஆக்குதலன்றோ கல்லூரியின் வேலை? சட்டகங்கள் வரும், போகும். அவற்றைத் தெரிந்துகொள்ளும் அறிவு நம்மோடு நிற்றல் வேண்டும்.